தட்டுக்கு முன்னால் ஓர் இலை

வைத்திலிங்கத்திடம் இங்கிலீஷில் மனு எழுதிக்கொண்டவர்கள், மனு ஒன்றுக்கு முக்கால் அங்குலம் வீதம் குள்ளமானார்கள். அரியலூரில் ஓர் அரசு ஆபீசுக்கு எதிரே, வேப்பமரத்தடியில் டைப்ரைட்டரோடு அவர் உட்கார்ந்திருந்தார். எந்த ஆபீஸ் என்று எழுதினால் அதற்கும் ஒரு மனு வரும், வேண்டாம். தமிழ் மனு கட்டோடு கட்டாகப் போய்விடும், இங்கிலீஷ் மனு என்றால் படிக்க ஆள் தேடுவார்கள், தேடி முடிக்கும்வரையாவது மேசைமேல் கிடக்கும் என்பது சனங்களின் எண்ணம். திருமழபாடிக்காரர் அமாவாசை என்பவர் பத்தொன்பது மனுவில் பதினாலேகால் அங்குலம் இறங்கினார். சுண்ணாம்புப் பாறைத் தண்ணீர் குடித்தால் எலும்பு இறங்கத்தான் செய்யும் என்று ஊரில் சொன்னார்கள். வேட்டியை மடித்துத் தைத்துக்கொண்டார்கள். இதற்காக யாரும் மனுக் கொடுக்கவில்லை.

காரணம் தண்ணீர் அல்ல, ஒரு சொல் என்பது வைத்திலிங்கத்துக்கு மட்டும் தெரியும். பெரம்பலூரில் அவர் படித்த பள்ளியில் இங்கிலீஷ் வாத்தியார் ஒரே ஒரு விதியைப் பிரம்போடு சேர்த்துக் கொடுத்திருந்தார். இங்கிலீஷில் ‘தட்’ வந்தால் அதற்கு முன்னால் ‘லி’யில் முடிகிற ஒரு சொல் வர வேண்டும், சோற்றுக்கு முன்னால் இலை வருகிற மாதிரி. “தட்டுக்கு முன்னாடி இலைய போடுங்கடா” என்பார். “இலை போட்டா தட்டு எதுக்கு சார்?” என்று கேட்ட பையனுக்கு விழுந்த அடியில் வகுப்பு முழுவதும் அந்த விதியை மறக்கவில்லை. தமிழில் ‘என்று’ என்பது வாக்கியத்தின் வாலில் வந்து ஒட்டிக்கொண்டு சும்மா இருக்கும். இங்கிலீஷ் ‘தட்’ அப்படியல்ல, அது வாசற்படி. படிக்கு இந்தப் பக்கம் மனுக் கொடுக்கிறவர், அந்தப் பக்கம் அவர் கேட்கிற விஷயம். படிக்கு முன்னால் நிற்கிற சொல் மனுக் கொடுக்கிறவர் மேல்தான் ஏறும். வைத்திலிங்கம் இருபத்தெட்டு வருஷமாக எல்லா மனுவையும் ‘ஐ சப்மிட் ஹம்ப்ளி தட்’ என்றே தொடங்கினார். ஹம்ப்ளி என்றால் பணிவாக. கைநாட்டு விழுந்த மறுநாள் காலையில் ஆள் முக்கால் அங்குலம் பணிந்திருப்பார். தெரிந்தும் ஏன் விட்டுவைத்தார் என்றால், இலக்கணப்படி அது சரியாக இருந்தது. ஒரே ஒரு தடவை அந்தச் சொல்லை விட்டுவிட்டு அடித்துப் பார்த்தார். ‘தட்’டோடு மெஷின் நின்றுவிட்டது. நடுவில் அதை எழுதிச் சேர்த்த பிறகுதான் நகர்ந்தது.

காத்தாயி எட்டு வருஷத்தில் முப்பது மனுக் கொடுத்திருந்தாள். சுண்ணாம்புக்கல் குழியின் விளிம்பில், நாற்பது வருஷமாகக் குடியிருக்கும் ஓட்டு வீட்டுக்குப் பட்டா வேண்டும். முதல் மனு எழுத வந்தபோது நாலடி பத்து அங்குலம் இருந்தவள் இப்போது மூன்றடிக்கு அரை அங்குலம் குறைவு. ஒவ்வொரு மனுநாளிலும் ஆபீஸ் எழுத்தர் நடராசன் அவள் பெயரைக் கூப்பிடுவார், உயரமான மேசைக்கு மேலாக எட்டிப் பார்ப்பார், யாரும் தெரியாது. ‘மனுதாரர் நேரில் வரவில்லை’ என்று எழுதி மூடிவிடுவார். மேசைக்கு அடியிலிருந்து அவள் கத்துவதை மின்விசிறியின் சத்தம் என்றே அவர் நினைத்திருந்தார். மூடிய மனுவுக்காக மறு மனு, மறு மனுவால் இன்னும் முக்கால் அங்குலம். போன கார்த்திகையில் குவாரிக்காரர்கள் அவள் வீட்டுச் சுவரில் சிவப்புச் சாயத்தில் எண் போட்டார்கள். பொங்கலுக்குள் பட்டாவைக் காட்டாவிட்டால் வீடு குழிக்குள் போகும்.

முப்பத்தோராவது மனுவுக்கு வந்தவள் வைத்திலிங்கத்தின் மேசை விளிம்பில் தாடையை வைத்துக்கொண்டாள்.

“ஏன் சார், இப்பிடியே போனா இன்னும் எத்தனை மனு தாங்குவேன்?”

வைத்திலிங்கம் எதையும் முறையாகச் செய்கிறவர். தாளின் ஓரத்தில் வகுத்துப் பார்த்தார். “நாப்பத்தேழு. அதுக்கப்புறம் கால் அங்குலம் மிச்சம் இருப்பம்மா.”

“அப்ப தெரிஞ்சுதான் பண்ணியிருக்கீங்க.”

அவர் ரிப்பனைச் சரிசெய்தார். பிறகு இருபத்தெட்டு வருஷத்தில் முதல் தடவையாக ஒருவரிடம் எல்லாவற்றையும் சொன்னார். வாத்தியார், இலை, தட்டு, வாசற்படி, எதையும் விடவில்லை.

“எடுத்துத் தொலைங்களேன்.”

“எடுத்தா மெஷின் நகரமாட்டேங்குதும்மா.”

“எடுக்கவும் முடியாது, வைக்கவும் முடியாதா? வாசப்படியில ஒக்காந்து வழிய மறிக்கிறவன என்ன பண்ணுவோம்? உள்ள போயி ஒக்காருடான்னு சொல்லமாட்டோம்? அந்தாண்ட தள்ளி வைங்க சார்.”

“தப்பாயிடும் காத்தாயி. படிச்சவங்க பாத்தா சிரிப்பாங்க.”

“சிரிச்சிட்டுப் போவட்டும். நீங்க தப்பில்லாம எழுதி எழுதித்தானே நான் இந்த ஒசரத்துல நிக்கிறேன்?”

வைத்திலிங்கத்தின் முதுகில் பழைய பிரம்பு ஒரு தடவை விழுந்தது. சட்டையைக் கழற்றிப் பார்த்தபோது தழும்பு இருந்தது. அதையும் பொறுத்துக்கொண்டு, ‘ஐ சப்மிட் தட் ஹம்ப்ளி யுவர் ஆபீஸ்’ என்று அடித்தார். மெஷின் தடங்கலில்லாமல் நகர்ந்தது. காத்தாயி கைநாட்டு வைத்துவிட்டு ஊருக்குப் போய், கதவு நிலையில் கரிக்கோடு கிழித்து அளந்து பார்த்தாள். மறுநாளும் அதே உயரம்.

அடுத்த திங்கட்கிழமை, காலை பதினொன்றேகாலுக்கு, நடராசன் அவள் பெயரைக் கூப்பிட்டதும் ஆபீஸ் குனிந்தது. நுகத்தடிக்குக் கழுத்தைக் கொடுக்கும் மாடுபோல முதலில் முகப்பு இறங்கியது, பிறகு கூரை, பிறகு சன்னல்கள், மேசைகள், பீரோக்கள். ஒரு டம்ளர் டீகூடச் சிந்தவில்லை. நடராசனின் மேசை காத்தாயியின் நெஞ்சளவுக்கு வந்து நின்றது. அவர் நாற்காலியோடு இறங்கி, எட்டு வருஷத்தில் முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தார்.

“யாருங்கம்மா நீங்க?”

“முப்பது தடவ வராதவ.”

“உக்காருங்கம்மா” என்றார் நடராசன். அந்த ஆபீசில் அந்தச் சொல் அதற்கு முன் புழங்கியதாகத் தகவல் இல்லை. மார்கழி இருபதில் பட்டா கிடைத்தது. குவாரிக்காரர்கள் வந்து தங்கள் சாயத்தைத் தாங்களே சுரண்டிவிட்டுப் போனார்கள். வீட்டைச் சுற்றி மூன்று பக்கமும் தோண்டிவிட்டார்கள், நாலாவது பக்கம் அவள் வீட்டுக்குப் போகும் பாதை.

பொறியாளர்கள் கட்டடத்தை அளந்து ‘இயல்பான அமிழ்வு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். மாற்றலாகி வரும் அதிகாரிகள் முதல் வாரம் வாசல் நிலையில் தலையை இடித்துக்கொள்வார்கள், இரண்டாம் வாரத்திலிருந்து தானாகக் குனிவார்கள். பதினாலேகால் அங்குலம் இறங்கிய அமாவாசையோ நிமிர்ந்தபடி உள்ளே போய் நிமிர்ந்தபடி வெளியே வருகிறார். இறங்கிய உயரம் யாருக்கும் திரும்ப ஏறவில்லை.

ஆறு மாதம் கழித்து, தன் இடமாற்றத்துக்கு மனு அடிக்க வந்த இங்கிலீஷ் டீச்சர் புவனேஸ்வரி, ‘ஹம்ப்ளி’ இடம் மாறி நிற்பதைக் கண்டு சிவப்புப் பேனாவால் வட்டமிட்டு, அம்புக்குறி போட்டு ‘தட்’டுக்கு முன்னால் இழுத்தாள். கையெழுத்துக்கும் மறுநாளுக்கும் காத்திராமல், எதிரே ஆபீஸ் அப்போதே முக்கால் அங்குலம் நிமிர்ந்தது. டீச்சரின் புடவைக் கொசுவம் முக்கால் அங்குலம் தரையில் புரண்டது. குனிந்து புடவையைப் பார்த்தாள், நிமிர்ந்து கட்டடத்தைப் பார்த்தாள். பிறகு கைப்பையிலிருந்து வெள்ளை மையை எடுத்து அம்புக்குறியை அழித்துவிட்டு, வைத்திலிங்கத்திடம் தாளை நீட்டி, “இருந்தபடியே இருக்கட்டுங்க சார்” என்றாள்.