சத்தமாக ஒரு கீபோர்டு

"ஆபீஸ் வேலைக்கா மேடம், இல்ல கேம் விளையாடவா?" என்று கடைக்காரப் பெண் கேட்டது மனைவியைப் பார்த்துத்தான். பதில் சொன்னது கணவர். "ஆபீஸ் வேலைக்குத்தாம்மா. சத்தம் வராததா பாத்துக் குடு. இவங்களுக்குப் பேச வராது, ஆபரேஷன் ஆகியிருக்கு" என்று ஒரே மூச்சில் அவர் சொல்லி முடிக்கும்போது மனைவியின் முழங்கை அவர் விலாவில் இடித்தது. சத்தம் வேண்டாம் என்று சொன்னதற்கா, ஆபரேஷனைச் சொன்னதற்கா, எதற்கு இந்த இடி என்று அவருக்குப் புரியவில்லை. கழுத்தைச் சுற்றியிருந்த துணியைச் சரிசெய்துகொண்டு அவள் வேறு பக்கம் பார்த்தாள்.

அவர் ஒரு கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துபவர். தெருவில் அவருக்குக் கண்ணாடிக்காரர் என்றே பெயர். அவளுக்கு அலுவலகத்தில் வைத்திருந்த பெயர் ரேடியோ. குடிநீர் அலுவலகத்தின் புகார்ப் பிரிவில் தொலைபேசி எடுப்பது அவள் வேலை. குழாய் உடைந்தது, தண்ணீர் கலங்கலாக வருகிறது என்று காலையிலேயே கத்தத் தொடங்குபவர்களை அவள் கொஞ்ச நேரம் கத்தவிடுவாள். பிறகு ஏதோ ஒன்றைச் சொல்வாள். போனை வைப்பதற்குள் அவர்கள் அவளிடம் மகனுக்குப் பெண் பார்க்கும் கதையைச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். போன வருடம் தொண்டையில் கட்டி வந்து, குரல்வளையையே எடுக்கவேண்டியதாகிவிட்டது. உயிருக்கு இனிப் பயமில்லை என்றார் மருத்துவர். கழுத்தில் வைத்து அழுத்திப் பேசுகிற கருவி ஒன்றைக் கொடுத்தார்கள். வண்டு குடைவதுபோன்ற அந்தச் சத்தத்தைக் கேட்டதும் அவள் அதை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாள். எழுதியதைப் படித்துச் சொல்லும் ஒரு செயலியை மகள் செல்போனில் போட்டுக் கொடுத்தாள். அதுவும் ஒருநாள் கூத்துதான். 'யாரோ ஒருத்தி நம்ம வீட்ல வந்து உக்காந்து அதிகாரம் பண்ற மாதிரி இருக்கு' என்று எழுதிக் காட்டிவிட்டு அந்தச் செயலியையும் நீக்கிவிட்டாள். அலுவலகத்தில் அவளை எழுத்துப் புகார்களுக்குப் பதில் அனுப்பும் மேசைக்கு மாற்றினார்கள். வீட்டில் மடிக்கணினிதான் அவளுக்கு வாய். தட்டிவிட்டுத் திரையைத் திருப்பிக் காட்டுவாள்.

போன வாரம் அவளுடைய தம்பி குடும்பத்தோடு வந்திருந்தான். வீட்டுக்குள் நின்ற இடத்திலேயே ஓடுவதற்கான ட்ரெட்மில் ஒன்றை அவன் வாங்கியிருந்தான். அதில் தான் எவ்வளவு தூரம் ஓடுகிறேன் என்று அளந்துகொண்டிருந்தான். அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டு வேகமாகத் தட்டினாள். திரையை அவள் திருப்பியபோது பேச்சு யாரோ ஒருவருடைய வீட்டு வாடகைக்குப் போய்விட்டிருந்தது. தம்பி குனிந்து வாசித்தான். 'இவ்வளவு தூரம் ஓடியும் வீட்டை விட்டு வெளிய வரலையேடா.' ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரிடம் சிரிப்பதுபோல அவன் சிரித்தான். "நல்லாருக்குக்கா" என்றான். "அவ என்ன சொல்ல வர்றான்னா..." என்று கண்ணாடிக்காரர் எல்லோருக்கும் விளக்கினார். அவள் மடிக்கணினியை மூடிவிட்டு எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினாள். மறுநாள் காலை, எனக்கு ஒரு நல்ல கீபோர்டு வேணும், நானே தொட்டுப் பாத்து வாங்கணும் என்று எழுதிக் காட்டினாள். இணையத்தில் வாங்கித் தருகிறேன் என்று மகள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். அவள் மசியவில்லை.

கடை ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் இருந்தது. நீளமான மேசையில் கீபோர்டுகளை வரிசையாக வைத்திருந்தார்கள். கழுத்தில் ஹெட்போன் தொங்கவிட்டிருந்த கடைக்காரப் பெண் அந்த முழங்கை இடியைக் கவனித்திருக்கவேண்டும். கண்ணாடிக்காரரிடம் அதற்குமேல் எதுவும் கேட்காமல், ஒரு கீபோர்டைப் பெரிய திரையோடு இணைத்து மனைவி பக்கம் நகர்த்தினாள். "நீங்களே சொல்லுங்க மேடம். என்ன மாதிரி வேணும்?"

அவள் தட்டினாள். கடைக்காரப் பெண் திரையைப் பார்த்து வாய்விட்டு வாசித்தாள். "எனக்குச் சத்தம் வேணும். நல்லா வேணும்." வாசித்துவிட்டு அவளே சிரித்தாள். "இங்க வர்ற எல்லாரும் சத்தமில்லாதது எங்கன்னுதான் கேப்பாங்க. வீட்ல திட்டுறாங்களாம், பக்கத்து சீட்ல முறைக்கிறாங்களாம். நீங்கதான் மேடம் முதல் ஆளு."

பிறகு அவள் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். ஒவ்வொரு எழுத்துக்கும் அடியில் தனித்தனியாக ஒரு சுவிட்ச், அதற்குள் ஒரு ஸ்பிரிங். சிவப்பு சுவிட்ச் வழுக்கிக்கொண்டு இறங்கும். பழுப்பு பாதி வழியில் விரலை லேசாக இடறும். நீலம் இடறுவதோடு நிற்காமல் 'டிக்' என்று சொல்லும். மனைவி ஒவ்வொன்றின் முன்னும் நின்று கண்ணை மூடிக்கொண்டு தட்டிப் பார்த்தாள். தன் கண்ணாடிக் கடையில் தினமும் நூறு பேரிடம் 'இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா' என்று கேட்கிற கண்ணாடிக்காரருக்கு, அவள் எதைத் தேடுகிறாள் என்று தெரியாமல் நிற்பது என்னவோபோல இருந்தது. மெதுவாகப் போய்த் திரையைப் பார்த்தார். 'ஏங்க, கொஞ்சம் இங்க வாங்களேன்' என்றிருந்தது. "வந்துட்டேன், என்ன?" என்றார். அவள் உங்களை இல்லை என்று கையை ஆட்டி விரட்டினாள். அடுத்த கீபோர்டுக்குப் போனாள். அதிலும் அதே வரி. அதற்கடுத்ததிலும் அதே வரி.

அடுக்களையில் இருந்தபடி ஒரு நாளில் எத்தனையோ தடவை அவள் கூப்பிட்ட வரி அது. 'ஏங்க'வை இழுத்து, 'கொஞ்சம்' என்பதை விழுங்கி. அவர் பாதி நேரம் கேட்காததுபோல இருந்திருக்கிறார்.

"எதுக்கும்மா உனக்குச் சத்தம்?" என்று கேட்டார். கேள்வியில் கோபமில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டார். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டுத் தட்டினாள். 'நான் பேச ஆரம்பிச்சது யாருக்கும் தெரிய மாட்டேங்குது. பேசி முடிச்ச பிறகுதான் தெரியுது. அதுக்குள்ள ஜோக் ஆறிப்போகுது. தட்டுற சத்தம் கேட்டா வாயை மூடிக்கிட்டுக் காத்திருப்பாங்க.' விரல்கள் நின்றன. பிறகு அடுத்த வரியில் ஒரே ஒரு சொல் வந்தது. 'நீங்களும்.'

கடைக்காரப் பெண் இந்த முறை வாய்விட்டு வாசிக்கவில்லை. கண்ணாடிக்காரர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். அதில் அழுக்கு ஒன்றுமில்லை.

"சார், ஒண்ணு பண்ணலாமா?" என்றாள் கடைக்காரப் பெண். "நீங்க அந்தக் கடைசிக்குப் போய் வாசலைப் பாத்து நில்லுங்க. மேடம் தட்டட்டும். உங்களுக்குக் கேட்டா திரும்புங்க. அதான சரியான டெஸ்ட்?"

அவர் போய் நின்றார். கீழே ஜெராக்ஸ் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. தெருவில் யாரோ வண்டியைப் பின்னுக்கு எடுக்கச் சொல்லிக் கத்தினார்கள். முதுகுக்குப் பின்னால் ஒன்றும் கேட்கவில்லை. "தட்டியாச்சு சார்" என்றாள் பெண். அடுத்தது மழைத்தூறல் போலக் கேட்டது. கேட்கிறதா என்ற சந்தேகத்திலேயே திரும்பினார். மனைவி உதட்டைப் பிதுக்கினாள். மூன்றாவதாகத் தட்டியபோது அவர் கழுத்து தானாகத் திரும்பியது. 'டிக்'கும், எழுத்து கீழே போய் முட்டுகிற 'டக்'கும் சேர்ந்து ஜெராக்ஸ் சத்தத்தைக் கிழித்துக்கொண்டு வந்தன. மனைவியின் முகத்தில் அவர் பல மாதங்களாகப் பார்க்காத ஒரு குறும்பு இருந்தது. மறுபடியும் திரும்பி நில்லுங்கள் என்று விரலைச் சுழற்றிக் காட்டினாள்.

நின்றார். இந்த முறை தட்டல் வேறு மாதிரி இருந்தது. கடகடவென்று ஓடி, கடைசிச் சொல்லுக்கு முன்னால் ஒரு நொடி நின்று, பிறகு அந்தச் சொல்லை மட்டும் ஓங்கிப் போட்டது. "இது திட்டு" என்றார், திரும்பாமலே.

"கரெக்ட் சார்! எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"அவ அப்படித்தாம்மா திட்டுவா."

அடுத்தது சின்னச் சின்னக் கொத்தாக, நடுவில் இடைவெளி விட்டு வந்தது. "யாரையோ கிண்டல் பண்றா. என்னைத்தான்." பின்னால் கடைக்காரப் பெண் சிரித்தாள். அவருக்கும் சிரிப்பு வந்தது. கண்ணை மூடிக்கொண்டார். இன்னொன்று வேண்டும் என்றிருந்தது.

வந்தது. அது மெதுவாக வந்தது. ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக, அடுத்ததைத் தட்டலாமா என்று கேட்டுக்கொண்டு வருவதுபோல. இப்படி அவள் எப்போது பேசியிருக்கிறாள் என்று அவர் நினைவில் தேடினார். கல்யாணமான புதிதில்? மகள் பிறந்தபோது? ஆபரேஷனுக்கு முந்தின நாளா? எதிலும் பொருந்தவில்லை. "தெரியலையே" என்று அவர் திரும்புவதற்குள், அழிக்கிற பொத்தானை அழுத்திப் பிடித்தபடி அவள் எல்லாவற்றையும் அழித்துக்கொண்டிருந்தாள். திரை வெறுமையாகிவிட்டது.

"என்ன எழுதின?"

அவள் கீபோர்டைக் கடைக்காரப் பெண் பக்கம் தள்ளினாள். அவர் கடைக்காரப் பெண்ணைப் பார்த்தார். அவள் குனிந்து வயர்களைச் சுருட்டத் தொடங்கியிருந்தாள். "இதையே பேக் பண்ணிடவா மேடம்?" என்று நிமிராமலே கேட்டாள்.

வீட்டுக்குத் திரும்பும் பேருந்தில் இருவருக்கும் பின்வரிசையில்தான் இடம் கிடைத்தது. அவள் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு நிறுத்தங்கள் பொறுத்தாள். மூன்றாவதில் பிரித்துவிட்டாள். வயர் எதிலும் சேராமல் அவள் காலடியில் தொங்க, கீபோர்டை மடியில் வைத்துத் தட்டத் தொடங்கினாள். திரை கிடையாது. எந்தச் சொல்லும் எங்கேயும் போய்ச் சேரவில்லை. சத்தம் மட்டும் பேருந்து முழுக்கக் கேட்டது. கண்ணாடிக்காரர் காதைச் சாய்த்துக்கொண்டு, இது கதையா கணக்கா என்று பிடிபடாமல் ஜன்னலைப் பார்த்தபடி வந்தார். கடையில் அழித்தது இதுதானோ என்று ஒரு இடத்தில் தோன்றியது. அதற்குள் அது வேறு எங்கோ ஓடிவிட்டது.

முன் இருக்கையில் இருந்த பருத்த அம்மாள் ஒருத்தி திரும்பினாள். "என்னங்க அது, இந்தச் சத்தம் போடுது?" என்று மனைவியைப் பார்த்துக் கேட்டாள்.

கண்ணாடிக்காரர் வாயைத் திறந்தார். ஆபரேஷன் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அப்படியே மூடிக்கொண்டார்.

மனைவி அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அந்த அம்மாளின் பக்கமாகக் கீபோர்டைக் கொஞ்சம் சாய்த்து, நிதானமாகத் தட்ட ஆரம்பித்தாள். அந்த அம்மாள் இருக்கையின் கம்பியில் மோவாயை வைத்துக்கொண்டாள். விரல் விழுகிற எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டி, சத்தமில்லாமல் உதட்டை அசைத்தாள். பேருந்து ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. விரல் தவறியது. அந்த அம்மாள், "இருங்க இருங்க, விட்டுட்டேன். முதல்லருந்து சொல்லுங்க" என்றாள்.