எது பெல்மெட்

அலீதாசி ஆக்லாந்திலிருந்து திரும்பியபோது அவளோடு ஏழு பெட்டிகள் கப்பலில் வந்தன. ஆறில் திரைச்சீலைகள், ஏழாவதில் அவளுடைய செருப்புகள். பதினோரு வருடம் அங்கே ஒரு திரைச்சீலைக் கடையில் தரை துடைத்திருக்கிறாள். என் தங்கை அதே தெருவில் இருக்கிறாள், அதனால் எனக்குத் தெரியும். ஊரில் மற்றவர்களுக்கு அவள் கடை நடத்தியவள். நான் மறுத்துப் பேசியதில்லை. அவள் புருஷனுக்கு ஊர்ப் பெரியவர் என்ற பட்டம் கிடைத்ததும் அவள் பெண்கள் சங்கத்துக்குத் தலைவி ஆனாள். தலைவியைப் பற்றி உண்மை பேசி எனக்கு என்ன ஆகப்போகிறது?

நான் பெனினா, சங்கத்தின் செயலாளர். இந்த ஊரிலேயே பிறந்தவள், மருமகளாக வந்து ஒண்டியவள் இல்லை. எங்கள் சவாயீ தீவு முழுக்க இந்த வித்தியாசம் எல்லாருக்கும் தெரியும். கூட்டம் நடக்கும் சுவரில்லாத பெரிய வீட்டில் முன் தூண்களின் பக்கம் ஊர்ப்பெண்களுக்கு இடம். வாழவந்த மருமகள்கள் பின் தூண்களின் பக்கம், கொக்கோ காய்ச்சும் அடுப்போடு உட்காருவார்கள். கூப்பிட்டால் வருவார்கள், வாயைத் திறக்க மாட்டார்கள்.

ரூத்தா அங்கேதான் உட்காருவாள். அவள் பக்கத்து உபோலு தீவின் தெற்குக் கரைக்காரி. தலைநகர் ஆப்பியாவில் ஒரு ஹோட்டலில் ஆறு வருடம் அறை சுத்தம் செய்தவள். எங்கள் ஊர்ப் பையன் சியாகி அங்கே அவளைப் பார்த்துக் கட்டிக்கொண்டு வந்தான். வந்து ஐந்து வருடம் ஆகிறது. இப்போது அவன் நியூசிலாந்தில் ஆப்பிள் பறிக்கப் போயிருந்தான், திரும்ப இன்னும் ஐந்து மாதம். அவளும் நாலு வயது மகள் லாகியும் மாமியார் வீட்டை ஒட்டிய சின்ன வீட்டில் இருந்தார்கள். நாலு பக்கமும் தூண், மேலே தகரம், அவ்வளவுதான்.

எங்கள் சங்கம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வீடு வீடாகப் போய்ப் பார்க்கும். பாய், கொசுவலை, பானை, கழிப்பறை, திரை என்று ஒன்று விடாது. குறை இருந்தால் நான் நோட்டில் எழுதி, அடுத்த கூட்டத்தில் சத்தமாக வாசிப்பேன். ரூத்தாவின் பெயரை இரண்டு முறை வாசித்தாகிவிட்டது. முதல் முறை கொசுவலையில் கிழிசல், இரண்டாவது முறை கடல் பக்கத்துத் தூண்களில் திரையே இல்லை. அன்று அவள் மாமியார் எங்கள் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"இன்னொரு தடவை உன் பேரை வாசிச்சாங்க, பாயைச் சுருட்டிக்கிட்டு உங்க ஊருக்குப் போயிரு. பிள்ளை எங்க வீட்டுப் பிள்ளை. அது இங்கதான் இருக்கும்."

சும்மா மிரட்டவில்லை. அந்த வீட்டில் ஏற்கெனவே ஒரு மருமகள் அப்படிப் போயிருக்கிறாள்.

இந்த நிலையில்தான் அலீதாசி தன் முதல் கூட்டத்தைக் கூட்டினாள். முன் தூணில் ஒரு பெரிய காகிதத்தை ஒட்டியிருந்தாள். அதில் ஒரு ஜன்னல், ஜன்னலுக்கு மேலும் கீழும் பக்கத்திலும் கலர் பென்சிலால் துணிகள். கையில் ஒரு குச்சி.

"நல்லா கேட்டுக்கங்க. இனிமே கம்பியில துணியைத் தொங்கவிட்டுட்டு திரைன்னு சொல்ற கதையெல்லாம் நடக்காது. உள்ள மெல்லிசா ஒண்ணு, அது ஷீர். முன்னாடி கனமா ஒண்ணு, அதுக்குப் பின்னாடி தைக்கிறது லைனிங். பக்கத்துல இழுத்துக் கட்டுறது டை-பேக்." குச்சி படத்தின் உச்சிக்குப் போனது. "இந்தா, மேல சுருக்கம் சுருக்கமா குட்டையா ஒரு துணி தொங்குதே, இதுக்குப் பேரு பெல்மெட். எங்க, சொல்லுங்க."

"பெல்மெட்!" என்று நாற்பது பேரும் கத்தினோம்.

"ஆக்லாந்துல பெல்மெட் இல்லாத வீட்டுல சம்பந்தமே பேச மாட்டாங்க."

"அடி ஆத்தாடி," என்றது ஒரு கிழவி. அவளுக்கு ஆறு பேத்திகள்.

அப்போது பின்னாலிருந்து மெதுவாக ஒரு குரல் வந்தது.

"தலைவியம்மா, மன்னிச்சுக்கங்க. துணியில தொங்குறது வேலன்ஸ். பெல்மெட்டுன்னா மரத்துல செய்யுற பெட்டி மாதிரி. கம்பி தெரியாம மேல அடிப்பாங்க. ஹோட்டல்ல எல்லா ரூம்லயும் இருந்துச்சு, நான்தான் துடைப்பேன். கடையில போயி பெல்மெட்டுன்னு கேட்டா எல்லாரும் மாத்தி வாங்கிட்டு வந்துருவாங்களேன்னுதான்..."

அவள் திமிரில் சொல்லவில்லை, இதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். தெரிந்ததைச் சொன்னாள். ஊர் ஏமாந்துபோகக் கூடாதே என்று சொன்னாள். ஐந்து வருடம் பின் தூணில் உட்கார்ந்தும் அவளுக்குப் புத்தி வரவில்லையே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அலீதாசியின் முகம் சிவந்து, பிறகு சிரிப்பாக மாறியது. அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

"பாருங்கடி, பின் தூணுக்கு வாய் முளைச்சிருக்கு. சரிடி கண்ணு, கக்கூஸ் கழுவுனவ சொன்னா சரியாத்தான் இருக்கும். அப்போ ரெண்டும் வேணும். துணியும் தொங்கணும், மரப்பெட்டியும் இருக்கணும், எல்லா வீட்டுலயும். சர்ச்சுல பிள்ளைகளுக்குக் கொண்டாடுற வெள்ளை ஞாயிறுக்கு முந்தின வாரம் பாக்க வருவோம். எல்லாரும் ரூத்தாவுக்கு நன்றி சொல்லிட்டுப் போங்க."

கூட்டம் கலைந்ததும் தொடங்கிவிட்டது.

"சுவரே இல்லாத வீட்டுல மரப்பெட்டியை எதுல அடிக்கிறது? என் புருஷன் மண்டையிலயா?"

"அவ மண்டையில அடி. அவதானே கேட்டா."

தலைவியைத் திட்ட யாருக்கும் தைரியமில்லை, ரூத்தாவைத் திட்ட யாருக்கும் தயக்கமில்லை. மறுநாளிலிருந்து அவளுக்குப் பெயரே 'பெல்மெட்' ஆகிவிட்டது. துணி துவைக்கும் ஊற்றுக்கு வந்தால், "பெட்டி வருது, வழி விடுங்க" என்பார்கள், ஆனால் வழி விட மாட்டார்கள். பிள்ளைகள் லாகியை 'குட்டிப் பெட்டி' என்று துரத்தினார்கள். மற்ற வீடுகளில் புருஷன்மார் முனகிக்கொண்டே பலகை அறுத்தார்கள். ரூத்தா வீட்டில் ஆண் இல்லை. ரம்பம் கேட்டாள், இல்லை என்றார்கள். சுத்தியல் கேட்டாள், தொலைந்துவிட்டது என்றார்கள், அது வாசலிலேயே கிடந்தது. என்னிடமும் கேட்டாள். நானும்தான் இல்லை என்றேன்.

வெள்ளை ஞாயிறு நெருங்கியது. சங்கம் பார்க்கப் போவதற்கு இரண்டு நாள் முன்பு, வேடிக்கை பார்க்கும் ஆசையில் அவள் வீட்டுக்குப் போனேன். போனவள் அப்படியே நின்றுவிட்டேன்.

கடைக்காரரின் சேனைத் தோட்டத்தில் மூன்று நாள் களை பிடுங்கி, சரக்கு மூட்டைகளுக்கு அடியில் வைக்கும் மரச்சட்டங்களை வாங்கியிருக்கிறாள். புதர் வெட்டும் கத்தியாலேயே பிளந்து, அதன் முதுகால் ஆணி அடித்திருக்கிறாள். இடது கைக் கட்டைவிரல் நகம் கறுத்துப்போயிருந்தது. ஹோட்டலில் கழித்துக்கட்டிய வெள்ளை விரிப்புகளைப் பிரித்துத் திரை தைத்திருந்தாள். ஒவ்வொரு கொசுவமும் ஒரே அகலம். மேலே பெட்டி, அதற்கு உள்ளே குட்டைத் துணி, கீழே டை-பேக். பெட்டிக்குப் பக்கவாட்டிலும் பலகை வைத்து மூடியிருந்தாள்.

"இது எதுக்கு?" என்று கேட்டேன்.

"பக்கத்துப் பலகை இல்லேன்னா சைடுல நின்னு பாத்தா கம்பி தெரியும், அக்கா. அது அரைகுறை வேலை."

அலீதாசி வீட்டுப் பெல்மெட்டில் பக்கப் பலகை கிடையாது. முன்னால் ஒரு நீலப் பலகை, இரண்டு ஆணி, அவ்வளவுதான். அதை நாற்பது பேரும் பார்த்திருந்தோம். இவள் வீட்டையும் பார்க்கப் போகிறோம். தலைவி இதைத் தாங்க மாட்டாள். பாயில் உட்கார்ந்து, இவளிடம் முதல்முறையாக மனசு விட்டுப் பேசினேன்.

"ரூத்தா, நான் சொல்றதைக் கேளு. தலைவி எல்லார் முன்னாடியும் உன்னை நிறுத்திப் பேரு கேப்பா. அந்தக் குட்டைத் துணியைக் காட்டுனா பெல்மெட்டுன்னே சொல்லிரு. அவ அன்னைக்குச் சொன்னதுதான் சரின்னு ஆக்கிரு. அவளுக்கு வயிறு குளுந்துரும், உன்னை விட்டுருவா."

"தப்பாச்சே, அக்கா."

"தப்புதான். உனக்குச் சரியான பேரு வேணுமா, பிள்ளை வேணுமா?"

அவள் லாகியைப் பார்த்தாள். லாகி ஆணிகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். ரூத்தா அந்த ஆணிகளை அள்ளி எட்டாத இடத்தில் வைத்தாள். பிறகு சரி என்று தலையாட்டி, சுட்ட ஈரப்பலாக்காயில் பாதியை இலையில் கட்டி என் கையில் கொடுத்தாள்.

நான் நேராக வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. அலீதாசியின் ஆறாவது பெட்டியில் தேன்நிற வெல்வெட் கொஞ்சம் மிச்சம் இருந்தது, யாருக்குக் கொடுப்பது என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தாள். அதோடு, இப்படி ஒரு சேதியை வயிற்றில் வைத்துக்கொண்டு என்னால் தூங்க முடியாது.

"தலைவியம்மா, அந்த ரூத்தாவைப் படிய வச்சுட்டேன். குட்டைத் துணியைக் காட்டி நீங்க கேட்டா, பெல்மெட்டுன்னே சொல்லுவா. எல்லார் முன்னாடியும் உங்க வார்த்தையையே சொல்லுவா."

"பெல்மெட்டுன்னா சொல்லப் போறா?"

"ஆமாங்கறேன்."

அவள் தன் கையாலேயே எனக்குக் கொக்கோ ஊற்றினாள். நான் கிளம்பும்போது வெல்வெட் என் இடுப்பில் இருந்தது. அவள் என்ன செய்யப் போகிறாள் என்று அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் திரும்பிப் போய் ரூத்தாவிடம் சொல்லியிருப்பேனா? என்னைக் கேட்காதீர்கள்.

சங்கம் புறப்பட்ட அன்று நாற்பது பேரும் ஒரே பச்சை நிறத்தில் உடுத்தியிருந்தோம். ரூத்தா வீட்டு வாசலில் மாமியார் லாகியின் கையைப் பிடித்தபடி நின்றாள். உள்ளே போனதும் எல்லாரும் அண்ணாந்து பார்த்தோம். கடல் காற்றில் திரை ஆடியது, ஆனால் கம்பி எந்தப் பக்கத்திலிருந்தும் தெரியவில்லை.

"அம்மாடி, என்ன அழகு!" என்று அந்த ஆறு பேத்திக் கிழவி வாய் தவறிச் சொல்லிவிட்டு, உடனே இருமினாள்.

அலீதாசி பெட்டியின் மேல் விரலால் தடவினாள், தூசி இல்லை. பக்கவாட்டில் போய் நின்று பார்த்தாள். அங்கேயே கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு குச்சியை எடுத்தாள்.

"ரூத்தா, இங்க வா. இது என்ன?"

"டை-பேக், தலைவியம்மா."

"இது?"

"லைனிங்."

குச்சி மேலே போய்க் குட்டைத் துணியைத் தொட்டது. "இது?"

ரூத்தா என்னைப் பார்த்தாள். நான் லேசாகத் தலையாட்டினேன்.

"பெல்மெட், தலைவியம்மா."

"காதுல விழல."

"பெல்மெட்."

"வெளியில நிக்கிறவங்களுக்கும் கேக்கட்டும்."

"பெல்மெட்!" தலையைக் குனிந்துகொண்டே கத்தினாள். காது வரை சிவந்திருந்தது.

அலீதாசி எங்கள் பக்கம் திரும்பினாள்.

"கேட்டீங்களாடி? இது வேலன்ஸ்! பெல்மெட்டுன்னா மரப்பெட்டி. இதுகூடத் தெரியாதவதான் அன்னைக்கு எனக்குப் பாடம் எடுத்தா. எவன் வந்து செஞ்சு குடுத்துட்டுப் போனானோ!"

நாற்பது பேருக்கும் தெரியும், அந்த வார்த்தையை எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே ரூத்தாதான் என்று. நாற்பது பேரும் சிரித்தார்கள். "பெல்மெட்டுக்கே பெல்மெட் எதுன்னு தெரியல!" என்று ஒருத்தி கத்தவும் சிரிப்பு இன்னும் பெரிதானது. நானும் சிரித்தேன்.

ரூத்தா சிரிப்பு அடங்கும்வரை நின்றாள். உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தாள். சொன்னால், தெரிந்தே தலைவியைக் கேலி செய்தாள் என்று ஆகும். மூடிக்கொண்டாள்.

"பெனினா, எழுதிக்க. பேரு தெரியாம மாட்டியிருக்கா. குறை."

எழுதினேன்.

"மூணு ஆச்சு," என்றாள் மாமியார்.

மறுநாள் காலை படகுத்துறைக்குப் போகும் பஸ்ஸுக்கு ரூத்தா சுருட்டிய பாயோடு வந்தாள். மாமியாருக்கு முழங்கால் வலி, அதனால் பிள்ளையைப் பிடித்துக்கொள்ள என்னைக் கூப்பிட்டிருந்தாள். லாகி அழுது தொண்டை கட்டிப்போயிருந்தாள். ரூத்தா அவளைக் கட்டிக்கொள்ளவில்லை. கட்டிக்கொண்டால் விட முடியாது என்று நினைத்தாளோ என்னவோ. என் பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில் பேசினாள்.

"அக்கா, நீங்க மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க. நல்லதுக்குத்தான் சொன்னீங்க. அவங்க மாத்திப் பேசுவாங்கன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? இந்த ஊர்ல என் பாயில வந்து உக்காந்தது நீங்க ஒருத்திதான். ராத்திரி இவளுக்கு இருமல் வரும். மாமியார் எந்திரிக்க மாட்டாங்க. நீங்க பக்கத்துலதானே இருக்கீங்க, முதுகை மட்டும் தடவி விடுங்க, அடங்கிரும். சியாகி வர்ற வரைக்கும்."

"சரி, போ. பஸ் கிளம்பிரும்," என்றேன்.

அவள் ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். பஸ் நகர்ந்ததும் லாகி என் கையைக் கடித்தாள், ரத்தம் வரும்வரை கடித்தாள்.

"விட்டுராதே பெனினா, பின்னாடியே ஓடிரும்," என்றாள் மாமியார்.

நான் விடவில்லை.