முப்பத்தேழாம் எண்ணின் முன்னேற்றம்

அபாய மணி அலறியது.

மாலை நாலேகால். குழந்தைகள் பாலும் பழமுமாக உட்கார்ந்திருந்த நேரம். ஒருத்தி டம்ளரைக் கீழே போட்டாள். ஒருவன் "ஹை!" என்று கத்தினான். வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த நாலைந்து பேர், இதைவிட இனிமையான சத்தத்தை வாழ்நாளில் கேட்டதில்லை என்பதுபோல நோட்டை மூடினார்கள்.

மணியை அழுத்தியவர் கல்வித்துறை ஆய்வாளர். வெறும் ஒத்திகைதான். ஒரு கை சுவரில் இருந்த பொத்தான் மேல், மறு கையில் செல்போன், அதில் நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. வந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை. குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டதற்கு, "அப்புறம் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு அவர் நேரே சுவரைப் பார்த்து நடந்தபோதே ஆறு மணி மிஸ் வருகைப் பதிவேட்டைக் கையில் எடுத்துவிட்டாள்.

ஆறு மணி மிஸ் என்பது குழந்தைகள் வைத்த பெயர். பள்ளிக்கூடம் ஒன்பது மணிக்குத் தொடங்கி மூன்று மணிக்கு முடியும். பெற்றோரின் வேலை அந்த நேரத்துக்குக் கட்டுப்பட்டதா என்ன? அதனால் காலை ஏழு முதல் ஒன்பது வரையிலும், மாலை மூன்று முதல் ஆறு வரையிலும் அதே பள்ளியின் கூடத்தில் குழந்தைகளை வைத்துப் பார்த்துக்கொள்ள ஒரு திட்டம் இருந்தது. நாலு வருடமாக அதன் ஒருங்கிணைப்பாளர் அவள். இந்த வருடம் தலைமையாசிரியருக்கு அந்தக் கூடத்தின் மேல் ஒரு கண். டேபிள் டென்னிஸ் மேசை போட வேண்டுமாம். ஆய்வாளர் இன்று கையெழுத்துப் போட்டால் திட்டம் இன்னொரு வருடம் ஓடும். போடாவிட்டால் கூடத்துக்குள் மேசை வரும், அவள் வெளியே போவாள்.

"வரிசை! வரிசை!" என்று விசில் ஊதியபடி குழந்தைகளை மைதானத்துக்கு ஓட்டினான் உதவியாளன். வேலையில் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகிறது, அதற்குள் எல்லோருக்கும் அவன் பெயர் விசில் ஆகிவிட்டது. அவனுடைய தகுதிகளில் கண்ணுக்குத் தெரிந்ததும் அது ஒன்றுதான்.

ஆறு மணி மிஸ் பதிவேட்டைத் திறந்தாள். குரலில் பதற்றம் இல்லை. ஏனென்றால் இந்தக் கட்டத்தில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் நாலு நிமிடம் ஆகும். ஒரே பெயரில் மூன்று பேர் இருப்பார்கள், மூன்று பேரும் ஒன்றாகக் கத்துவார்கள். அவள் கண்டுபிடித்தது எண் முறை. ஒவ்வொரு குழந்தையின் சட்டையிலும் எண் போட்ட ஒரு வட்ட பேட்ஜ். எண்ணைச் சொன்னால் பதில் வரும், பதில் வந்தால் டிக். நிமிர்ந்து பார்க்கக்கூட வேண்டாம்.

"ஒண்ணு!"

"உள்ளேன் மிஸ்!"

"ரெண்டு!"

"உள்ளேன் மிஸ்!"

நாற்பத்திரண்டு வரை தடங்கல் இல்லாமல் ஓடியது. ஆய்வாளர் தன் பங்குக்குத் தலைகளை எண்ணிப் பார்த்தார். நாற்பத்திரண்டு.

"மூணு நிமிஷம் பத்து செகண்ட்" என்றார். முகத்தில் முதல்முறையாகச் சிரிப்பு. "போன வாரம் ஒரு ஸ்கூல்ல பதினோரு நிமிஷம் ஆச்சும்மா. குழந்தைங்க எல்லாம் வந்துட்டாங்க, வாத்தியாரைக் காணோம்."

அவள் அடக்கமாகச் சிரித்தாள். இனி கையெழுத்துதான் பாக்கி.

கூடத்தின் மூலையில் இருந்த அவள் மேசைக்கு வந்தார்கள். ஆய்வாளர் தண்ணீரை இப்போது தானே கேட்டு வாங்கிக் குடித்தார். பிறகு அவள் அனுப்பியிருந்த நீட்டிப்பு விண்ணப்பத்தை எடுத்துப் பத்தாம் பக்கத்தைப் புரட்டினார்.

"இதுக்காகத்தான்மா நானே நேர்ல வந்தேன். 'எண் முப்பத்தேழு: ஒரு மாற்றம்'. என்னமா எழுதியிருக்கீங்க! முதல் மாசம்: 'துடுக்கு. அடுத்தவர் பென்சிலை உடைக்கிறான். மேசை மேல் ஏறி நிற்கிறான்.' ரெண்டாவது மாசம்: 'மேசை மேலிருந்து குதிக்கிறான்.' அஞ்சாவது மாசம் பாருங்க: 'நமது தொடர்ந்த அணுகுமுறையின் பயனாகப் பெரும் மாற்றம். அமைதி. பொறுமை. கையெழுத்து முத்து முத்தாக.' எங்க ஆபீஸ்ல எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டினேன். மேலிடத்துக்கும் ஒரு காப்பி போயிருக்கு. அந்தப் பையனை நான் பாக்கணுமே."

"அதுக்கென்ன சார்" என்று அவள் கோப்பு அலமாரியிலிருந்து முப்பத்தேழாம் கோப்பை எடுத்து அவர் முன் வைத்தாள். "விசில், முப்பத்தேழைக் கொஞ்சம் கூட்டிட்டு வாங்க."

விசில் கூட்டிவந்தான். அவள் அடுத்த படிவத்தில் தேதி எழுதிக்கொண்டே, "வா கண்ணா, சாருக்கு வணக்கம் சொல்லு" என்றாள்.

"வணக்கம் சார்."

ஆய்வாளர் கோப்பைத் திறந்தார். கோப்பில் ஒட்டியிருந்த போட்டோவைப் பார்த்தார். முன்பல் இரண்டும் விழுந்த ஒரு பையன் அதில் பல்லில்லாமல் பல்லிளித்துக்கொண்டிருந்தான். எதிரே நின்றதைப் பார்த்தார். இரட்டைச் சடை, நீல ரிப்பன், பாவாடை, நெஞ்சில் முப்பத்தேழு.

"ஏம்மா, மாற்றம்னுதான் எழுதியிருந்தீங்க" என்றார் மெதுவாக. "இவ்வளவு பெரிய மாற்றம்னு எழுதலையே."

ஆறு மணி மிஸ் நிமிர்ந்தாள். அந்த முகத்தை அவளுக்குத் தெரியும். காலையும் மாலையும் பார்க்கிற முகம்தான். ஆனால் முப்பத்தேழு என்றால் பையன். அப்படியானால் அந்தப் பையன் எங்கே? கடைசியாக எப்போது பார்த்தோம்? நேற்று? போன வாரம்? பதிவேட்டில் ஒரு நாள்கூட விடாமல் டிக் இருக்கிறதே! காதில் யாரோ மறுபடியும் அபாய மணியை அடிப்பதுபோல் இருந்தது. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"போன் பண்ணுங்க" என்றார் ஆய்வாளர். "ஸ்பீக்கர்ல போடுங்க."

நாலாவது மணியில் பையனின் அம்மா எடுத்தாள்.

"உங்க... உங்க பையன்..." என்றாள் ஆறு மணி மிஸ்.

"என் பையனா? இதோ சோபா மேல குதிச்சுக்கிட்டிருக்கான். ஏன் மிஸ்? நாங்க ஊர் மாறி ஆறு வாரம் ஆச்சே. ஸ்கூல் ஆபீஸ்ல எழுதிக் குடுத்துட்டுத்தானே வந்தோம்?"

ஆறு மணி மிஸ்ஸுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆபீஸில் கொடுத்த கடிதம் ஆபீஸிலேயே இருக்கும். திட்டத்துக்குத் தெரிந்திருக்கும் என்று அவர்கள் நினைத்திருப்பார்கள்.

"நானே கேக்கணும்னு இருந்தேன் மிஸ்" என்று அந்த அம்மா தொடர்ந்தாள். "வாராவாரம் உங்க மெசேஜ் இன்னும் வருதே. பையன் அமைதியா இருக்கான், கையெழுத்து முத்து முத்தா இருக்குன்னு. இங்க அவன் நோட்டைத் தொறந்தா கோழி கிளறின மாதிரி இருக்கு. சரி, படிக்கிறப்ப பெருமையா இருக்கேன்னு நானும் நிறுத்தச் சொல்லல."

போனை வைத்தார்கள். விசில் தன் விசிலையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றான்.

ஆய்வாளர் சிறுமியின் பக்கம் திரும்பினார். "உன் பேர் என்னம்மா?"

அவள் சொன்னாள். அந்தக் கூடத்தில் அவளை யாரும் அதுவரை கேட்காத கேள்வி அது.

"இந்த பேட்ஜ் உனக்கு எப்படி வந்துச்சு?"

"அவன் என் பெஞ்ச் சார். மூணாவது பி. ஊருக்குப் போறப்ப, இனிமே எனக்கு வேணாம், நீ வச்சுக்கோன்னு குடுத்தான்."

"சும்மாவா குடுத்தான்?"

"இல்ல. என் வாசனை ரப்பரை வாங்கிக்கிட்டான்."

"சாயங்காலம் யார்கூட வீட்டுக்குப் போவே?"

"தனியாத்தான். எங்க வீடு பின்னாடி தெருதான்."

ஆறு மணி மிஸ் அவசரமாகக் கோப்பைப் புரட்டினாள். பையனும் தனியாகத்தான் போவான். அவன் அப்பா கையெழுத்துப் போட்ட அனுமதி இருந்தது. ஆக, விதிப்படி ஒரு தவறும் நடக்கவில்லை.

இதற்குள் செய்தி பரவி, பால் ஊற்றும் அக்கா கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றாள். "அடிப்பாவி! முப்பத்தேழுக்குப் பால் ஆகாதுன்னு சீட்டு ஒட்டியிருக்குன்னு ஒரு சொட்டு குடுக்காம பாத்துக்கிட்டேனேடி! தினம் ரெண்டு பழமாக் குடுத்து அனுப்பினேன். உனக்குப் பால் புடிக்குமா, புடிக்காதா?"

"புடிக்கும் அக்கா" என்றாள் சிறுமி. "முப்பத்தேழுக்குத்தான் ஆகாது."

ஆய்வாளர் இருமினார். அவர் இருமலில் சிரிப்பு இருந்ததா, கோபம் இருந்ததா என்று தெரியவில்லை. ஆறு மணி மிஸ் இழுப்பறையைத் திறந்து, இடம் மறுக்கப்பட்டவர்களின் பட்டியலை எடுத்தாள். விரல் ஓடிச் சட்டென்று நின்றது. அந்தச் சிறுமியின் பெயர். காரணம்: 'தாய் பணியில் இல்லை.'

பட்டியலை ஆய்வாளர் பக்கம் திருப்பினாள்.

"பாருங்க சார். இதான் விஷயம். வேலைக்குப் போறவங்க குழந்தைங்களுக்குத்தான் இடம். இவங்கம்மா வீட்லதான் இருக்காங்க, அதனால குடுக்கல. குடுக்கலைன்னதும் குறுக்கு வழியில நுழைச்சிருக்காங்க. சின்னப் பொண்ணுக்கு இவ்வளவு தூரம் தோணுமா? எல்லாம் அம்மா சொல்லிக் குடுத்தது."

"அம்மாவுக்குத் தெரியாது மிஸ்" என்றாள் சிறுமி.

"நீ சும்மா இரு கண்ணா. பெரியவங்க பேசறோம்ல?"

ஆய்வாளர் பத்தாம் பக்கத்தைப் பார்த்தார். அதன் காப்பி மேலிடத்தில் இருந்தது. தானே ரசித்து ரசித்து அனுப்பியது. 'அந்த மாற்றத்தை நேரில் பார்த்தீரா?' என்று மேலிடம் கேட்டால் இரட்டைச் சடையைப் பற்றிச் சொல்ல வேண்டிவரும். அவருக்கும் ஒரு குற்றவாளி தேவைப்பட்டது.

"அப்படித்தான் இருக்கணும்" என்றார். "பெத்தவங்களே ஏமாத்தினா நீங்க என்ன பண்ண முடியும்? 'பெற்றோரின் ஏமாற்று வேலை. திட்டத்தின் மேல் குறை இல்லை'ன்னு எழுதிடறேன். அந்தப் பத்தாம் பக்கத்தை மட்டும் சத்தம் போடாம எடுத்துடலாம். அந்தம்மா வந்து, தப்புதான்னு ரெண்டு வரி எழுதிக் குடுத்தா உடனே கையெழுத்துப் போட்டுடுவேன்."

"இப்பவே வரச் சொல்றேன் சார்."

சிறுமியிடம் போன் நம்பரைக் கேட்டு வாங்கி அவள் அம்மாவைக் கூப்பிட்டாள். வீட்டில் இருக்கும் அம்மா இரண்டு நிமிடத்தில் வந்துவிடுவாள் என்று நினைத்தாள். இருபது நிமிடம் ஆனது. வந்தவள் ஒரு சலவை நிலையத்தின் சீருடையில் இருந்தாள். இஸ்திரிச் சூட்டில் முகம் சிவந்திருந்தது. கதவிலிருந்தே, "குழந்தைக்கு என்ன ஆச்சு?" என்று கத்திக்கொண்டு ஓடி வந்தாள். மகள் முழுசாக நிற்பதைப் பார்த்த பிறகுதான் நின்றாள்.

"உக்காருங்கம்மா" என்றார் ஆய்வாளர். "உங்க பொண்ணுக்கு இங்க இடம் இல்லைன்னு லெட்டர் வந்துச்சா, இல்லையா?"

"வந்துச்சு சார்."

ஆறு மணி மிஸ் ஆய்வாளரைப் பார்த்தாள். ஆய்வாளர் தலையாட்டினார்.

"வந்தும் எப்படி அனுப்பினீங்க?"

"அதுக்கப்புறம் ஒரு நாள் பேட்ஜைக் குத்திக்கிட்டு வந்து, இடம் கெடச்சிருச்சும்மான்னா. அதை நம்பித்தான் சார் நான் வேலைக்கே சேந்தேன்." அவள் மகளைத் திரும்பிப் பார்த்தாள். மகள் ரிப்பன் நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். அம்மாவின் முகம் மாறியது. "ஏண்டி... கெடைக்கலையா?"

"நல்லா நடிக்கிறீங்கம்மா" என்றாள் ஆறு மணி மிஸ். கையெழுத்து கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததால் குரலில் கொஞ்சம் வேகம் கூடிவிட்டது. "இல்லைன்னு கைப்பட எழுதி அனுப்பினவ நானு. அப்புறம் ஒரு வார்த்தை சொல்லாம நாங்களா இடம் குடுப்போமா? அதை நம்பிட்டேன்னு சொன்னா கேக்கறவங்க காதுல பூவா வச்சிருக்காங்க?"

"இந்தாங்கம்மா பேப்பர்" என்று ஆய்வாளர் ஒரு வெள்ளைத் தாளை நகர்த்தினார். "ரெண்டே வரி. எழுதிட்டுப் பொண்ணைக் கூட்டிட்டுப் போங்க. வீட்ல இருந்தவங்க, வேலைக்குப் போறோம்னு முன்னாடியே ஒரு இடத்துல சேந்துட்டு வந்திருந்தா இந்த வம்பே இல்ல."

"சேரத்தான் சார் கேட்டேன்" என்றாள் அவள். "இங்கயேதான் கேட்டேன். இங்க குழந்தைங்களைப் பாத்துக்க உதவிக்கு ஆள் வேணும்னு வாசல்ல ஒட்டியிருந்தாங்க. பொண்ணுக்கும் வேலைக்கும் ஒண்ணாத்தான் எழுதிப் போட்டேன்."

விசில் மெல்ல ஓரடி பின்னால் நகர்ந்தான்.

அவள் தோள் பையைத் திறந்தாள். பிளாஸ்டிக் உறைக்குள் நாலாக மடித்த இரண்டு கடிதங்கள். பிரித்து, வெள்ளைத் தாளின் மேல் அருகருகே வைத்தாள். ஆய்வாளர் முதல் கடிதத்தைப் படித்தார். 'தாய் பணியில் இல்லாததால் தங்கள் மகளுக்கு இடம் அளிக்க இயலவில்லை.' இரண்டாவதைப் படித்தார். 'மாலையில் தங்கள் மகளைக் கவனித்துக்கொள்ள ஏற்பாடு இல்லாததால் தங்களுக்குப் பணி அளிக்க இயலவில்லை.' திறந்த பேனாவைக் கையில் வைத்தபடி இன்னொரு முறை முதலிலிருந்து படித்தார். பிறகு இரண்டின் அடியிலும் பார்த்தார்.

சலவைக்காரிக்குக் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவளைப் போலக் கேட்டாள்:

"ரெண்டுலயும் ஒரே தேதி சார். எழுதினவங்களே அப்புறம் ரெண்டையும் சேத்து வச்சுப் படிச்சிருப்பாங்க, அதான் மனசு மாறி இடம் குடுத்துட்டாங்கன்னு நெனச்சேன். ரெண்டுலயும் இருக்கறது மிஸ்ஸோட கையெழுத்துதானே?"