மார்லிஸ் ஹௌகன் எதிர் ஆர்விட் லின்ட்க்விஸ்ட் (காலமானவர்)

ஸ்வான்பி மாவட்டத்தின் அரசு வழக்கறிஞர் ஆர்விட் லின்ட்க்விஸ்ட் இறந்து ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. இறந்த பிறகு அவர் இரண்டு தேர்தல்களில் வென்றிருந்தார். ஒரு ஜனவரி சனிக்கிழமை, உறைந்த ஏரியின் மேல் குடிசை போட்டு மீன் பிடித்துக்கொண்டிருந்தபோது அவருக்கு இதயம் நின்றது. மருத்துவர் வந்து பார்த்து இறப்புச் சான்றில் கையெழுத்துப் போட்டார். மினசோட்டாவின் அந்த மூலையில் மே மாதம்வரை மண்ணில் கடப்பாரை இறங்காது. ஆகவே குளிர்காலத்தில் இறப்பவர்களைக் கல்லறைத் தோட்டத்து ஓரமாக இருக்கும் கல் அறையில் வைத்துவிட்டு மண் இளகக் காத்திருப்பார்கள். ஆர்விட்டையும் அப்படித்தான் வைத்தார்கள். ஆனால் திங்கட்கிழமை காலை அவருக்கு ஒரு ஜாமீன் விசாரணை இருந்தது. சவப்பெட்டிக்குப் போட்ட அதே சாம்பல் நிறக் கோட்டோடு ஒன்பது மணிக்கு வந்து நின்றார். நீதிபதிக்கு அன்று பதினேழு வழக்குகள். அரசுத் தரப்பு ஆஜர் என்று எழுதிக்கொண்டு அடுத்ததற்குப் போய்விட்டார். மே மாதம் குழி வெட்டுபவர் தொலைபேசியில் கூப்பிட்டபோது ஆர்விட் ஒரு பெரிய வழக்கின் நடுவில் இருந்தார். புதைப்பதற்கு வாய்தா வாங்கப்பட்டது. அடுத்த மே மாதமும் வாய்தா. மூன்றாவது ஆண்டுக்குப் பிறகு குழி வெட்டுபவர் கூப்பிடுவதை விட்டுவிட்டார். ஆர்விட்டின் மனைவி வெயிலைத் தேடி அரிசோனாவில் இருந்த தன் தங்கை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள்.

உயிரோடிருந்தபோது ஆர்விட்டைச் சுமாரான வழக்கறிஞர் என்றுதான் சொல்வார்கள். இறந்த பிறகுதான் அவர் பெயர் ஓங்கியது. குரலை உயர்த்துவதில்லை, யாரைப் பற்றியும் புறம் பேசுவதில்லை, விடுமுறை கேட்பதில்லை. வேலை எதுவும் செய்வதில்லை என்பது மார்லிஸ் ஹௌகனுக்கு மட்டும் தெரிந்திருந்தது, ஏனென்றால் அதையெல்லாம் அவள் செய்துகொண்டிருந்தாள். இருபத்தொரு ஆண்டுகளாக அவள் உதவி வழக்கறிஞர். குடித்துவிட்டு வண்டி ஓட்டியவர்கள், பிள்ளைக்கு ஜீவனாம்சம் தராத தகப்பன்கள், காற்றாலை ஒப்பந்தங்கள், வடிகால் வாய்க்கால் தகராறுகள் எல்லாம் அவள் மேசையில்தான் வந்து விழும். மாவட்டக் குழு கூடும்போது ஆர்விட் நடுவில் உட்கார்வார், மார்லிஸ் பக்கத்தில் உட்கார்ந்து பதில் சொல்வாள். அவள் பேசிக்கொண்டிருக்கும்போது எல்லோரும் ஆர்விட்டின் முகத்தையே பார்ப்பார்கள். பேசி முடித்ததும், "ரொம்ப நன்றி ஆர்விட், இப்பத்தான் விளங்குச்சு" என்பார்கள். ஆர்விட் தலையசைப்பார். இப்படி ஒன்பது ஆண்டுகள்.

அவள் நாற்பது பக்கத்துக்கு எழுதிய சரளைக்கல் குவாரி விதிகளுக்காக ஆர்விட்டுக்கு ஒரு மரப் பலகையில் பெயர் பொறித்துப் பரிசு கொடுத்தார்கள். அதைச் சுவரில் ஆணி அடித்து மாட்டியதும் மார்லிஸ்தான். சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு மாடியிறங்கிப் போய், அரசு வழக்கறிஞர் பதவிக்கு வேட்புமனு கொடுத்துவிட்டு வந்தாள்.

அவள் கணவன் லைல் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுபவன். சாப்பாட்டு மேசையில் செய்தியைக் கேட்டுவிட்டு உருளைக்கிழங்கை மென்றபடி யோசித்தான்.

"செத்துப்போனவர எதுத்து நிக்கிற. ஜெயிச்சா, பாவம் செத்தவரப் போய் தோக்கடிச்சாளேம்பாங்க. தோத்தா, செத்தவருகிட்டயே தோத்துட்டாளேம்பாங்க. எது உனக்குப் பரவால்ல?"

"அவர் நிக்கவே மாட்டாரு லைல். ரெண்டு தடவையும் அவரோட மனுவ நிரப்பிக் கொடுத்தது நான். இந்தத் தடவ நான் கொடுக்கல."

மனுத்தாக்கலின் கடைசி நாள், நான்கு மணிக்கு, ஆர்விட் தாமாகவே எழுந்து மாடியிறங்கிப் போய் மனுவை நிரப்பினார். ஒன்பது ஆண்டுகளில் அவர் சொந்தமாகச் செய்த முதல் வேலை அதுதான். கையெழுத்துக்கூடத் தெளிவாக இருந்தது.

தேர்தலை நடத்தும் அதிகாரி டுவெய்ன் பெக்கர், எந்தச் சிக்கலையும் வந்த கையோடு அடுத்தவர் கையில் தள்ளிவிடும் மனிதர். இறந்தவர் தேர்தலில் நிற்கலாமா என்று யாரோ ஒருவர் கடிதம் போட்டிருந்தார். டுவெய்ன் அதை எடுத்துக்கொண்டு மார்லிஸிடம் வந்தார்.

"சட்டக் கேள்வின்னா அரசு வழக்கறிஞர் அலுவலகத்தத்தான் கேக்கணும்னு விதி இருக்கு, மார்லிஸ்."

"டுவெய்ன், நானே வேட்பாளர். நான் எப்படி இதுக்குப் பதில் எழுதறது?"

"அப்ப ஆர்விட்ட எழுதச் சொல்லவா?"

மார்லிஸ் மாநிலத் தலைநகருக்கு எழுதிக் கேட்டாள். இது உள்ளூர் விவகாரம், உங்கள் மாவட்டத்து அரசு வழக்கறிஞர் அலுவலகத்தை அணுகவும் என்று பதினோராம் நாள் பதில் வந்தது. அவள் கதவைச் சாத்திக்கொண்டு மூன்று நாள் சட்டப் புத்தகங்களைப் புரட்டினாள். வேட்பாளருக்கு இருபத்தொரு வயது ஆகியிருக்க வேண்டும். ஆர்விட்டுக்கு எழுபத்து நான்கு, அது இனி ஏறப்போவதுமில்லை. வழக்கறிஞர் உரிமம் நடப்பில் இருக்க வேண்டும். ஆண்டுதோறும் அதைப் புதுப்பித்து வைத்தவள் அவளே. மாவட்டத்துக்குள் குடியிருக்க வேண்டும். கல்லறைத் தோட்டம் எல்லைக்கு இரண்டு மைல் உள்ளே இருக்கிறது. உயிரோடு இருக்க வேண்டும் என்று எங்குமே இல்லை. இப்படி ஒரு நாள் வரும் என்று சட்டம் எழுதியவர்களுக்குத் தோன்றவில்லை. சட்டத்தில் இல்லாததை நாம் சேர்க்க முடியாது, ஆகவே அவர் நிற்கலாம் என்று மூன்று பக்கத்தில் எழுதினாள். அலுவலகத் தலைவர் கையெழுத்தில்லாமல் அது செல்லாது. ஆர்விட் வழக்கம்போலப் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

"ஒரே ஒரு வரி மாத்தி எழுதியிருந்தா இந்த வீட்ல எல்லாரும் நிம்மதியாத் தூங்கியிருப்போம்" என்றான் லைல்.

"மாத்தி எழுத முடிஞ்சா நான் இத்தன வருஷம் அங்க எதுக்கு உக்காந்திருக்கேன்?" என்றாள் அவள்.  அடுத்த நாளே லைல் அவள் பெயர் போட்ட தேர்தல் பலகைகளைப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு போய், பள்ளிக்கூடத்தில் திட்டு வாங்கினான்.

அந்தக் கோடை மார்லிஸுக்கு நல்லதாக அமையவில்லை. ஜூலையில் சுதந்திர தின ஊர்வலத்தில் அவள் நடந்தே போய்ப் பிள்ளைகளுக்கு மிட்டாய் வீசினாள். பின்னால் திறந்த காரில் வந்த ஆர்விட் எதையும் வீசவில்லை, கையைக்கூட ஆட்டவில்லை. ஆனால் அந்த வெக்கையில் அவர் காரைச் சுற்றி மட்டும் ஜனவரிக் குளிர் அடித்ததால் கூட்டம் அவரோடு கூடவே நடந்து போனது. வீடு வீடாகப் போனபோது எல்லோரும் மரியாதையாகத்தான் பேசினார்கள். "உங்க மேல ஒரு குறையும் இல்லம்மா. ஆனா ஆர்விட்டுக்கு அனுபவம் இருக்கில்ல?" என்று கேட்டுவிட்டு அவள் கையில் ஒரு துண்டு கேக்கைத் திணித்து அனுப்பினார்கள். செப்டம்பருக்குள் அவள் நான்கு கிலோ கூடியிருந்தாள்.

அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேவாலயம் விட்டதும், கண்காட்சித் திடல் கூடத்தில் வேட்பாளர் கூட்டம் நடந்தது. ஊர்க்காரர்கள் எழுதிக் கொடுத்த சீட்டுகளைப் படித்து நூலகர் கேள்வி கேட்டார். முதல் கேள்வி சிறையில் இடநெருக்கடி பற்றி. ஆர்விட் நாற்காலியில் மெல்லத் திரும்பி, "மார்லிஸ்?" என்றார். தினமும் பத்துத் தடவை கேட்கும் அதே குரல். அவள் யோசிக்கவே இல்லை. சாய்ந்து, அவர் காதோரம் மூன்று வாக்கியத்தில் விடையைச் சொன்னாள். ஆர்விட் அதை ஆழ்ந்த, அவசரமில்லாத குரலில் அப்படியே சொன்னார். கூடம் கைதட்டியது. அவள் முறை வந்தபோது சொல்வதற்குப் புதிதாக எதுவும் மிச்சமில்லை. "நானும் அதையேதான்..." என்று ஆரம்பித்தாள். சிரித்தார்கள். இரண்டாவது கேள்விக்கும் இதுதான் நடந்தது. மூன்றாவதற்கும் நடந்தது. பின்வரிசையில் லைல் முகத்தைத் தொப்பியால் மூடிக்கொண்டான்.

நான்காவது சீட்டு வெர்ன் ஸ்ட்ரோபெல் என்ற சோயா விவசாயியுடையது. தன் நிலத்துப் பக்கம் சாலைக்கு அடியில் போகும் வாய்க்கால் குழாயை எடுத்துவிட்டு, தானே பெரிய குழாய் பதித்துக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தான். இதே கேள்விக்கு மார்லிஸ் அவனுக்கு அலுவலகத்தில் பலமுறை பதில் சொல்லியிருக்கிறாள். ஆர்விட்டின் முகத்தைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டு போய்விட்டு, அறுவடை முடிந்ததும் மறுபடி வருவான்.

"மார்லிஸ்?" என்றார் ஆர்விட்.

விடை அவள் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. வாயை இறுக மூடிக்கொண்டு எதிர்ச் சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். ஆர்விட் காத்திருந்தார். காத்திருப்பதில் உயிருள்ள யாரும் அவரை மிஞ்ச முடியாது. கூடத்தில் இருந்தவர்களோ, சங்கடமான நேரத்தில் முதலில் வாய் திறப்பவரைப் பண்பில்லாதவர் என்று நினைக்கும் ஊர்க்காரர்கள். ஐந்து நிமிடம் போனது. காப்பிப் பாத்திரம் கொதித்து அடங்கியது. பத்து நிமிடம் போனது. பதினான்காவது நிமிடத்தில் ஆர்விட் முகத்தைக் கூட்டத்தின் பக்கம் திருப்பினார்.

"எனக்குத் தெரியாது. உயிரோட இருந்தப்பவே வாய்க்கால் சட்டம் எனக்குப் பிடிபட்டதில்ல. அதெல்லாம் மார்லிஸ் பாத்துக்கறது."

மார்லிஸ் எழுந்து நின்றாள். மாவட்டத்துக்குச் சொந்தமான வாய்க்காலில் யாரும் தானாகக் கை வைக்க முடியாது, வாய்க்காலின் கீழ்ப்பக்கம் நிலம் வைத்திருப்பவர்களிடமும் கையெழுத்து வாங்கி வாய்க்கால் குழுவுக்கு மனுப் போட வேண்டும் என்று, எத்தனை கையெழுத்து, எந்த மாதத்துக்குள் என்பதுவரை சொன்னாள். அதற்குள் பாதிப் பேர் கோட்டை மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

"இத முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?" என்றான் வெர்ன். மார்லிஸ் மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்ளும் வழக்கறிஞரை மாவட்டம் அதுவரை பார்த்ததில்லை. நவம்பரில் அதற்காகவே ஆர்விட்டுக்கு ஓட்டுப் போட்டவர்கள் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துச் சொச்சம் பேர். மார்லிஸுக்கு அவரைவிடப் பத்தொன்பது ஓட்டு அதிகம் விழுந்தது. டுவெய்ன் இரண்டு தடவை எண்ணிப் பார்த்தார், இரண்டு தடவையும் பத்தொன்பதுதான். கதவுக் கண்ணாடியில் இருந்த பெயரைச் சுரண்டிவிட்டுப் புதுப் பெயர் எழுதினார்கள். ஜனவரியின் முதல் திங்கள் காலை எட்டு மணிக்கு ஆர்விட் வந்து, காலியாகிவிட்ட உதவி வழக்கறிஞர் நாற்காலியில் உட்கார்ந்தார். தோற்ற ஒருவர் வேலைக்கு வரக் கூடாது என்று ஏதாவது விதி இருக்கிறதா என்று மார்லிஸ் தேடினாள். இல்லை. உதவி வழக்கறிஞர் வேலைக்கு அந்தக் குளிரில் வேறு யாரும் மனுப் போடவுமில்லை. அவர் மேசையில் ஒரு வழக்குக் கோப்பை வைத்துப் பார்த்தாள். மாலையில் அது வைத்தபடியே இருந்தது. அவளே எடுத்துப் போய் முடித்தாள்.

பிப்ரவரியில் வெர்ன் ஸ்ட்ரோபெல் பூட்ஸில் பனியோடு உள்ளே வந்தான். குழாயைப் பற்றி ஆர்விட்டிடம் கேட்டான். ஆர்விட் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.  கடைசியில் வெர்ன் தொப்பியைக் கழற்றி, மார்லிஸ் மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்தான்.

"சரிம்மா, நீயே சொல்லு. கையெழுத்து எங்கெங்க வாங்கணும்?"

அவள் சொன்னாள். எப்போதும் சொன்னதைத்தான், ஒரு சொல்கூட மாற்றாமல் சொன்னாள். வெர்ன் அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தான். பாதியில் கையைத் தூக்கி நிறுத்தச் சொல்லி, விதைக் கம்பெனி கொடுத்த சின்னக் குறிப்புப் புத்தகத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தான். அவனிடம் பேனா இல்லை. ஆர்விட் தன் பேனாவை நீட்டினார். அது பனிக்கட்டியாய்ச் சில்லிட்டிருந்ததால் வெர்ன் விரல்களை ஒருமுறை வாயால் ஊதிச் சூடாக்கிக்கொண்டு, "ம், முதல்லருந்து சொல்லு" என்று எழுத ஆரம்பித்தான்.