போவின்

2024 செப்டம்பர் 19, வியாழக்கிழமை. மலேசியாவின் கூலிமில் ஒரு தனியார் பல் கிளினிக்கில், பாடாங் செராய் மளிகைக் கடைக்காரர் பழனியாண்டியின் இடது கீழ்த்தாடையில் அரை கிராம் எலும்புத் தூள் வைத்துத் தைக்கப்பட்டது.

கடைவாய்ப் பல் போன இடத்தில் எலும்பு கரைந்திருந்தது. தூளைப் பிடித்துக்கொண்டு புது எலும்பு வளர்ந்தபின், மார்ச்சில் அங்கே செயற்கைப் பல்லுக்கான இம்ப்ளான்ட் திருகுவதாக ஏற்பாடு. கையெழுத்து வாங்கிய மலாய்த் தாதி, பன்றி இல்லை, கவலை வேண்டாம் என்று இரண்டு முறை சொன்னாள். அங்கே பலரும் கேட்பது அதைத்தான். அவரும் நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டார். மலாய்ப் படிவத்தில் 'போவின்' என்ற சொல் இருந்தது. மாட்டைக் குறிக்கும் 'லெம்பு' என்று எழுதியிருந்தால், மாட்டிறைச்சிச் சுவை மீ நூடுல்ஸ் பாக்கெட்டைக்கூடக் கடையில் அடுக்காத அவர் நாற்காலியை விட்டு எழுந்திருப்பார்.

ஜனவரியில் பரிசோதனைக்குப் போன அன்று தைப்பூச விரதத்தின் பதினெட்டாம் நாள். புதிதாகச் சேர்ந்த ஷாமளா என்ற பெண் அவருடைய கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்தாள். போவின் என்றால் என்ன என்று பேச்சுக்குத்தான் கேட்டார்.

"மாட்டு எலும்பு அங்கிள். நல்லா சூடு காட்டி கிளீன் பண்ணதுதான். ஏன், யாரும் சொல்லலையா?"

எடுத்துவிடச் சொன்னார். டாக்டர் எக்ஸ்ரேயைக் காட்டினார். தூள் எது, அவருடைய எலும்பு எது என்று இனிப் பிரிக்க முடியாது. சுரண்டினால் பக்கத்து நரம்பு கெட்டு உதடு மரத்துப்போகலாம்.

பதினோரு வருடமாக அவர் கன்னத்தில் அலகு குத்திக்கொள்கிறார். ஒரு சொட்டு ரத்தம் வந்ததில்லை. விரதம் கெட்டவனுக்குத்தான் ரத்தம் வரும் என்பது கோயிலில் எல்லோரும் சொல்வது. லாரி ஓட்டும் தேவனுக்கு ஒரு வருடம் கன்னம் நனைந்தபோது, "என்னா தின்னுட்டு வந்தானாம்?" என்று ஊரே கேட்கும்படி கேட்டவர் பழனியாண்டிதான்.

அதன்பின் நாக்கு அந்த இடத்தையே தடவிக்கொண்டிருந்தது. எச்சிலை விழுங்கவும் கூசியது. கடையில் சில்லறையைத் தப்பாகக் கொடுத்தார். வலிக்கிறதா என்று மனைவி யோகேஸ்வரி கேட்டபோது சொல்லிவிட்டார்.

"பால் மட்டும் குடிக்கிறீங்க, அது எங்கேருந்து வருதாம்?"

"பால் கறக்கிறது லா. இது அறுத்தது."

இந்த வருடம் பால்குடம் மட்டும் எடுங்கள் என்றாள் அவள். அலகை விட்டுப் பால்குடம் எடுத்தால் ஏன் என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கும் அவர் பயந்தார்.

பிப்ரவரி 11, தைப்பூசக் காலை. அலகு குத்திவிடும் குழந்தைவேலுவைத் தனியாக அழைத்து விஷயத்தைச் சொன்னார். பெரியவர் சிரிக்கவில்லை.

"நான் குத்தறது கன்னத்துல தம்பி, எலும்புல இல்ல. ஆடாம நில்லு."

விபூதி பூசினார். உறுமி மேளம் ஏறியது. மற்ற வருடங்களில் அந்தச் சத்தத்தோடு நினைவு போய்விடும். இந்த முறை போகவில்லை. எதிரே யார் யார் நிற்கிறார்கள் என்று எல்லாம் தெரிந்தது. முதல் வரிசையில் தேவன் தண்ணீர்ப் போத்தலுடன் நின்றான். வேலின் முனை இடது கன்னத்தில் இறங்கும்போது பழனியாண்டி தலையை இழுத்தார்.

ரத்தம் கழுத்துவரை வடிந்தது. தேவன் போத்தலை நீட்டினான்.

கன்னத்தில் மூன்று தையல் போட்டார்கள். ஆடியதால்தான் ரத்தம் வந்தது என்று கேட்டவர்களிடமெல்லாம் குழந்தைவேலு சொன்னார். மார்ச் 20ஆம் தேதி இம்ப்ளான்ட் வைக்கப் பழனியாண்டி போகவில்லை. அந்த இடத்தில் இன்னும் பல் இல்லை.