தங்க எழுத்து

பல் டாக்டருக்கு ரிடையர் ஆன கையோடு ஒரே பைத்தியம். அப்பா வைத்திருந்த அதே சித்ரோயன் காரை வாங்கிவிட வேண்டும். 'கிட்டத்தட்ட அதே' என்று யாராவது வாயைத் திறந்தால் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஒரு திருகாணிகூட ஒரிஜினலாக இருக்க வேண்டும்.

பழைய கார் வியாபாரியின் கொட்டகையில் இரண்டு நின்றன. பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். ஒன்று டி.எஸ். மற்றது அதன் ஏழைத் தம்பி ஐ.டி.

"டி.எஸ்ஸுக்கு கிளட்சே மிதிக்க வேண்டாம் சார். லீவரை நகர்த்தினா கியர் தானா விழும். ஐ.டி-யில ஒவ்வொரு கியருக்கும் இடது கால் வலிக்க கிளட்ச் மிதிக்கணும். சேகரிக்கிறவங்க டி.எஸ்ஸுக்குத்தான் அடிச்சுக்கறாங்க," என்றார் வியாபாரி.

"எங்க அப்பாவோடது டி.எஸ்," என்றார் டாக்டர். ஊரெல்லாம் சொல்லிச் சொல்லித் தேய்ந்த பெருமை. "டிக்கியில டி.எஸ்-னு தங்கக் கலர் எழுத்து இருக்கும். நான்தான் துடைப்பேன்."

துணைக்கு வந்த அக்காவுக்குக் காரைப் பற்றி ஒன்றும் தெரியாது. டி.எஸ்ஸின் பின்சீட்டில் போய் உட்கார்ந்தாள். டாக்டரும் பக்கத்தில் ஏறினார். வியாபாரி ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். என்ஜின் முனகியதும், தரையோடு படுத்திருந்த கார் முதலில் பின்பக்கத்தைத் தூக்கியது, பிறகு முன்பக்கத்தை. சின்ன வயதில் இந்த ஒரு நிமிஷத்துக்காகவே இருவரும் அப்பாவை முந்திக்கொண்டு ஓடுவார்கள். "ரெண்டு காருமே இப்படித்தான் எழும்பும் சார்," என்றார் வியாபாரி.

கொட்டகையைச் சுற்றி ஒரு வட்டம் ஓட்டிக் காட்டினார். கார் வழுக்கிக்கொண்டு போயிற்று.

"இது இல்லடா," என்றாள் அக்கா.

"ஏங்க்கா?"

"குலுங்கவே இல்லையே. அப்பா கியர் மாத்தினா நம்ம ரெண்டு பேர் தலையும் முட்டிக்கும். அம்மா சத்தம் போடுவாங்க."

"அது ரோடு சரியில்லக்கா."

"அப்ப இடது கால் ஷூ? அது மட்டும்தானே அடி தேயும்? உங்க அப்பா ஒத்தக் கால்லதான் நடப்பாரான்னு செருப்பு தைக்கிறவர்கூட கேட்டாரேடா."

டாக்டர் வியாபாரியின் பக்கம் திரும்பினார். "அப்ப அந்தத் தங்க எழுத்து?" என்றார்.

வியாபாரி சிரித்தார். "அது கழட்டி மாட்டற சமாச்சாரம் சார். ஐ.டி-யை வாங்கி டி.எஸ் எழுத்தை மாட்டிக்கிறவங்க எப்பவும் உண்டு."

டாக்டருக்கு முதலில் சுள்ளென்று கோபம் வந்தது. கட்டின பல்லை எட்ட நின்றே கண்டுபிடிக்கிற மனுஷன், சொந்த வீட்டுப் பொய்யைத் துடைத்துத் துடைத்துப் பளபளப்பாக்கியிருக்கிறார்! பிறகு ஒன்று ஞாபகம் வந்தது. அப்பா எப்போதும் காரின் பின்பக்கம் தெருவைப் பார்க்கும்படிதான் நிறுத்துவார். எவ்வளவு ஆசைப்பட்டிருக்கிறார் பாவம்! வந்த கோபம் போன இடம் தெரியவில்லை. அப்பாவை ஒரே ஒரு தடவை பார்த்தால் போதும் என்றிருந்தது.

இறங்கிப் போய் ஐ.டி-யின் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தார். அக்கா பின்னால் ஏறினாள். இடது காலால் கிளட்சை மிதித்தார். கனமாக இருந்தது. கியரைப் போட்டுக் காலை எடுத்ததும் கார் ஒரு குதி குதித்தது.

"மெதுவா!" என்று கத்தினாள் அக்கா, அச்சு அசல் அம்மா குரலில்.

டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"இதையே எடுத்துக்கறேங்க. ஆனா ஒண்ணு, தங்க எழுத்து வச்சிருக்கீங்களா?"