நேற்றே வந்து போனவள்

பதினோரு வருடம் ஒரு கம்பெனியின் உதவி மையத்தில் உட்கார்ந்து, முகம் தெரியாதவர்களின் கம்ப்யூட்டர் கோளாறுகளுக்குப் போனிலேயே வழி சொன்னவள் அவள். ஒரு நாள் அந்தப் பிரிவையே மூடிவிட்டார்கள். மூன்று வாரம் வீட்டில் சும்மா இருந்து பார்த்தாள். கை பரபரத்தது. ‘வீட்டுக்கே வந்து கம்ப்யூட்டர் சரிசெய்து தரப்படும்’ என்று நோட்டீஸ் அடித்துக் கடைகளிலும் அடுக்குமாடி வாசல்களிலும் ஒட்டினாள். பஸ் டிரைவரான கணவன், “இனி உன் ஸ்கூட்டருக்கும் ரூட் நம்பர் போட்டுடலாம்” என்று கிண்டல் செய்தாலும், லீவு நாளில் பசை டப்பாவைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்தான்.

முதல் பத்து நாள் நன்றாகவே போனது. பிரிண்டரில் சிக்கிய காகிதம், மறந்துபோன பாஸ்வேர்டு, மேசைக்கடியில் கழன்று கிடந்த ஒயர். பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை தையல்கார அம்மாவின் வீட்டுக்குப் போனாள்.

மூன்றாவது மாடி. கதவைத் திறந்த அந்த அம்மாவின் கழுத்தில் அளவு நாடா தொங்கியது.

“வாங்க. எதையாவது விட்டுட்டுப் போயிட்டீங்களா?”

“இல்லம்மா. டிசைன் படமெல்லாம் திறக்க மாட்டேங்குதுன்னு போன் பண்ணியிருந்தீங்களே.”

“அதான் நேத்தே வந்து சரி பண்ணிட்டீங்களே. இன்னைக்குத்தான் வர முடியும்னு சொல்லிட்டு நேத்தே வந்தீங்க. நல்ல மனுஷின்னு நினைச்சுக்கிட்டேன்.”

நேற்று அவள் அந்தப் பக்கமே போகவில்லை. உள்ளே போய்ப் பார்த்தாள். கம்ப்யூட்டர் சுத்தமாக இருந்தது. மூடியைக் கழற்றித் தூசியெல்லாம் துடைத்திருந்தது. படங்கள் வருடவாரியாகப் பிரித்து அடுக்கப்பட்டிருந்தன. அவள் அடுக்குகிற விதமே அதுதான். பக்கத்தில் இருந்த நோட்டில் ‘திங்கட்கிழமை மாற்றியது’ என்று போட்டுப் புதிய பாஸ்வேர்டு எழுதி, கீழே இரண்டு கோடு இழுத்திருந்தது. ‘ழ’வின் வால் வலது பக்கம் கொஞ்சம் தூக்கிக்கொண்டு நின்றது. அது அவளுடைய ‘ழ’.

“வந்தவங்க பார்க்க எப்படி இருந்தாங்க?”

தையல்கார அம்மா சிரித்தாள். “என்னங்க இது, உங்களையே உங்ககிட்ட நான் எப்படிச் சொல்றது? அது கிடக்கட்டும், கட்டைவிரல் எப்படி இருக்கு? நேத்து துணி சுத்தியிருந்தீங்களே.”

அவள் தன் இடது கட்டைவிரலைப் பார்த்தாள். கீறல்கூட இல்லை.

வீட்டுக்கு வந்து கணவனிடம் சொன்னாள். “உன் நோட்டீஸைப் பார்த்து எவளோ உன் பேர்ல தொழில் பண்றா. போலீஸ்ல சொல்லிடுவோம்” என்றான் அவன். என்னவென்று சொல்வது? திருட்டு இல்லை, சேதம் இல்லை. வந்தவள் வேலையை ஒழுங்காகச் செய்துவிட்டுப் போயிருக்கிறாள்.

மறுநாள் காலை ஒரு பழைய கம்ப்யூட்டர் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தபோது, தகர விளிம்பு இடது கட்டைவிரலைக் கிழித்தது. ரத்தம் சொட்டியது. கைக்குக் கிடைத்த துணியைச் சுற்றிக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வலியைவிட வேறொன்று அவளை உலுக்கியது. நேற்று கேட்ட காயம் இன்றுதான் வந்திருக்கிறது. அப்படியானால் முந்தாநாள் அங்கே போனவள் யார்?

அடுத்த வாரம் இரண்டு வீடுகளில் எதுவும் நடக்கவில்லை. கொஞ்சம் தைரியம் வந்தது. புதன்கிழமை, ஓய்வு பெற்ற சர்வேயர் ஒருவர் வீட்டுக்குப் போனாள். தனியாக இருக்கிறவர். வெளிநாட்டிலிருக்கும் மகளோடு பேச முடியவில்லை, முகம் தெரிகிறது, குரல் வரவில்லை என்று போனில் சொல்லியிருந்தார். மாடிப்படி முடிகிற இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர், அவளைப் பார்த்ததும் எழுந்தார்.

“வாம்மா. இன்னைக்குப் பரவாயில்லையா?”

அவள் படியிலேயே நின்றுவிட்டாள். “நேத்து நான் வந்தேனா சார்?”

“என்னம்மா கேள்வி இது? வந்து உட்கார்ந்து ஒரு மணி நேரம் வேலை பார்த்தியே. கண்ணுல தண்ணி நிக்கவே இல்ல. என்னன்னு கேட்டா தலையை மட்டும் ஆட்டின. சரி, வீட்டுல ஏதோ பிரச்சினைபோலன்னு நானும் தோண்டிக் கேக்கல.”

“வேற என்ன சொன்னேன்?”

“குரல் வந்ததும், பொண்ணுகிட்ட இப்பவே பேசுங்கன்னு ஒரே பிடிவாதம். அங்க அவ தூங்குற நேரம்னு சொன்னேன். கேட்டாத்தானே? எழுப்பிப் பேசவெச்ச. ரொம்ப நாள் கழிச்சு மனசு விட்டுப் பேசினோம்மா.”

வீட்டுக்கு ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டு வந்ததே அவளுக்கு நினைவில்லை. போன முறை வந்தவள், இரண்டு நாள் கழித்துப் படப்போகும் காயத்தோடு வந்தாள். இந்த முறை அழுதுகொண்டு வந்திருக்கிறாள். நாளைக்கு ஏதோ நடக்கப்போகிறது.

கணவனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, “நாளைக்கு நீங்க டூட்டிக்குப் போக வேண்டாம்” என்றாள். மகளையும் பள்ளிக்கூடம் அனுப்பப்போவதில்லை என்றாள். அவன் முதலில் சிரித்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டு டிப்போவுக்குப் போன் செய்தான்.

வியாழக்கிழமை காலை மூன்று பேரும் வீட்டிலேயே இருந்தார்கள். கேஸ் சிலிண்டரை அவள் இரண்டு தடவை மூடிப் பார்த்தாள். மகள் மாடிக்குப் போகிறேன் என்றால் “வேண்டாம்”, கணவன் பல்பு மாற்றுகிறேன் என்றால் “வேண்டாம்”.

“நீ பண்ற ஆர்ப்பாட்டத்துலயே எனக்கு நெஞ்சு வலி வந்துடும்போல” என்றான் அவன். பிறகு கொஞ்சம் யோசித்துக் கேட்டான்: “நம்ம வீட்டுக்காக அழுதவள்னா, அந்தப் பெரியவரை எதுக்கு அவர் பொண்ணுகிட்ட பேசவெக்கணும்?”

அவள் கையிலிருந்த டம்ளரை அப்படியே வைத்தாள்.

சர்வேயருக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி போட்டாள். எடுக்கவில்லை. கணவன் ஸ்கூட்டர் சாவியை எடுத்துவிட்டான்.

கீழ்வீட்டுக்காரரிடம் மாற்றுச் சாவி இருந்தது. மேலே குளியலறைக் கதவு பாதி திறந்திருந்தது. சர்வேயர் அதன் வாசற்படியில் தலை மோதிக் கிடந்தார். குழாய் மூடப்படாமல் ஓடிக்கொண்டிருந்தது. அவள் மண்டியிட்டு மூக்கருகே கை வைத்தாள். மெல்லிய மூச்சு இருந்தது.

“இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தா எங்க கையில ஒண்ணும் இருந்திருக்காது” என்றார் ஆஸ்பத்திரி டாக்டர்.

நான்கு நாள் கழித்துப் பார்க்கப் போனாள். தலையில் கட்டோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மகள் வெளிநாட்டிலிருந்து கிளம்பிவிட்டாள் என்றார். பிறகு அவளையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

“செவ்வாக்கிழமை வந்தது நீ இல்ல. இல்லையா?”

அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டுக் கட்டிலருகே உட்கார்ந்தாள்.

“படுத்துக்கிட்டே யோசிச்சேன். நீ என்னை சார்னுதான் கூப்பிடற. அன்னைக்கு வந்தவ, போகும்போது வாசல்ல நின்னு, ‘நான் லேட்டா வந்துட்டேன் அப்பா, மன்னிச்சிடுங்க’ன்னு சொன்னா. எனக்கு அப்ப ஒண்ணும் புரியல. நேரத்துக்கு முன்னாடியே வந்துட்டு, லேட்டுங்குறாளேன்னு நினைச்சேன்.”

அவள் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். டாக்டர் சொன்ன அந்த ஒரு மணி நேரத்தைத் தவறவிட்டவள்தான் முன்னாடியே வந்து அழுதிருக்கிறாள் என்று அவளுக்குத் தோன்றியது. நர்ஸ் வந்து, நேரமாகிவிட்டது என்று சொன்ன பிறகுதான் எழுந்தாள்.

அதற்குப் பிறகு யாரும் அவளிடம் ‘நேத்து வந்தீங்களே’ என்று சொன்னதில்லை. தொழில் வளர்ந்துவிட்டது. தையல்கார அம்மாவே ஆறு வீட்டுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறாள். இப்போதெல்லாம், சொன்ன நேரத்துக்கு வரவில்லை என்று மற்றவர்களைப்போல அவளையும் திட்டுகிறார்கள். ஆனாலும் எந்த வீட்டு வாசலிலும் மணியை உடனே அழுத்த அவளுக்குக் கை வருவதில்லை. கதவில் காதை வைத்து, உள்ளே யாராவது கீபோர்டில் தட்டிக்கொண்டிருக்கிறார்களா என்று ஒரு நிமிடம் கேட்கிறாள்.